நிழலுக்கு ஏற்ற செடி: பூங்கா சொன்னதும் ஐயனார் காடு சொல்வதும்

உழவர்கரை என்னும் பெயரைக் கேட்டவுடன் வயலும் வரப்பும் நம் கண்முன் தோன்றும். பிரெஞ்சுக்காரர்களின் ஆவணங்களில் ‘ஊல்கரே’ என்று குறிக்கப்பட்ட இவ்வூர் இன்று புதுச்சேரியின் பெரிய நகராட்சி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். லாசுப்பேட்டை, கோரிமேடு, காலாப்பட்டு ஆகியனவும் இதனுள் அடங்கும். வயல்கள் மனைகளாயின, மனைகளில் மாடி வீடுகள் எழுந்தன. வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே மூன்று நான்கு அடி அகலத்தில் ஒரு மண் பட்டை எஞ்சியது. மூலையில் ஒரு வேம்போ மாமரமோ நிற்கும். அடுத்த வீட்டு மாடியும் வெயிலை மறைக்கும்.

அந்த மண் பட்டையில் என்ன வளர்க்கலாம்? ரோஜா நட்டால் குச்சியாக நீண்டு நிற்கிறது. சாமந்தி பூப்பதில்லை. புல் மஞ்சளித்துப் போகிறது. பின்னர் நாற்றுப் பண்ணையிலிருந்து வண்ண இலைச் செடிகளைத் தொட்டியோடு வாங்கி வைக்கிறோம். நாள்தோறும் நீர் ஊற்றும்வரை அவை உயிரோடு இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் பாதிச் செடிகள் மாண்டு கிடக்கின்றன. ‘நிழலில் எதுவும் வராது’ என்று சொல்லிச் சிமெண்டு பூசி மண்ணை மூடிவிடுகிறோம்.

உண்மையிலேயே நிழலில் எதுவும் வராதா? அப்படியானால் காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் புதர்கள் அடர்ந்து வளர்வது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடினால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று நமக்குக் கிடைக்கிறது. அது பெரும்பாலும் புதுச்சேரியைச் சுற்றியே நடந்த வரலாறு.

வரவும் செலவும்

முதலில் நிழல் என்பதைச் செடியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். நண்பகலில் திறந்தவெளியில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அடர்ந்த மாமரத்தின் அடியில் பெரும்பாலும் அதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான ஒளியே கிடைக்கும். நம் கண் இதற்கு எளிதில் பழகிவிடுவதால் வேறுபாடு இவ்வளவு பெரிது என்பதை நாம் உணர்வதில்லை. செடி உணர்கிறது.

செடியும் இரவு பகலாக மூச்சுவிடுகிறது. அதற்குச் சர்க்கரை செலவாகிறது. ஒளிச்சேர்க்கையால் பகலில் சர்க்கரை வரவாகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும் ஒளி அளவை ‘ஈடுகட்டும் ஒளி’ என்பர். வெயிலை விரும்பும் செடிகளுக்கு இந்த அளவு மிகுதி. நிழலுக்குப் பழகிய செடிகளுக்கு முழு வெயிலில் ஒரு விழுக்காடு இருந்தாலும் போதும். ரோஜாவை மர நிழலில் நட்டால் அது அன்றே சாவதில்லை. வரவுக்கு மிஞ்சிச் செலவழிக்கும் குடும்பம்போல் சேமிப்பைத் தின்று சில மாதங்கள் வாழ்கிறது, பிறகு பட்டுப்போகிறது.

நிழற்செடி சிக்கனமானது. அது விரைந்து வளராது. அடிக்கடி இலையை உதிர்க்காது. ஒருமுறை செய்த இலையை நெடுநாள் வைத்துக்கொள்ளும். ஓராண்டில் பூத்துக் காய்த்து மடியும் செடிகளைவிடப் பல்லாண்டுச் செடிகளும் புதர்ச் செடிகளும் நிழலுக்கு ஏற்றவையாக இருப்பதன் காரணம் இதுவே.

சுவர் நிழலும் மர நிழலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சுவர் நேர் வெயிலை மறைத்தாலும் வானத்தின் ஒளி வந்து சேரும். மரமோ சிவப்பு, நீல ஒளிகளைத் தானே உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதைக் கீழே விடுகிறது. அதோடு நில்லாமல் மண்ணிலுள்ள நீரையும் தன் வேர்களால் இழுத்துக்கொள்கிறது. ஆக, மரத்தடிச் செடிக்கு ஒளிப் பஞ்சம் ஒன்று, நீர்ப் பஞ்சம் மற்றொன்று. இந்த இரண்டாவது பஞ்சத்தைப் பற்றித்தான் தோட்டக்கலை வரலாறு வெகுநாள் வரை போதிய கவனம் செலுத்தவில்லை.

கப்பலில் வந்த செடிகள்

நெப்போலியன் போர்கள் முடிந்து புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த 1816ஆம் ஆண்டில் லெஷெனோ தெ லா தூர் என்னும் தாவரவியலார் இங்கு வந்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வங்கத்திலும் பயணம் செய்து செடிகளைத் திரட்டினார். புதுச்சேரியில் தாவரத் தோட்டம் உருவாக வழிசெய்தார். பயனுள்ள செடிகளை இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவுக்கு அனுப்பினார். 1822இல் அவர் நாடு திரும்பினார். 1826ஆம் ஆண்டில் புதுச்சேரித் தாவரவியல் பூங்கா நிறுவப்பட்டது. 22 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவை நீங்கள் இன்றும் காணலாம்.

1834இல் சாமுவேல் பெரொத்தே வந்தார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, பாரிசிலுள்ள தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர் அவர். 1819 முதல் 1821 வரை நடந்த ஒரு கடற்பயணத்தில் ஆசியாவின் செடிகளை உயிரோடு கப்பலேற்றி, ரெயூனியனுக்கும் தென் அமெரிக்காவிலுள்ள கயேனுக்கும் பாரிசுக்கும் கொண்டுசேர்த்தார். அச்செடிகளின் பட்டியலை 1824இல் வெளியிட்டார். பின் செனகல் நாட்டிலும் செடிகளை ஆராய்ந்தார். 1839இல் புதுச்சேரியை விட்டுச் சென்ற அவர் 1843இல் திரும்பி வந்து, 1870இல் இங்கேயே மறைந்தார். நீலகிரித் தாவரங்களை ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அக்காலத் தாவரத் தோட்டங்களின் நோக்கம் என்ன? ஒரு கண்டத்தின் செடியை வேறொரு கண்டத்தில் பயிராக்குவதே முதல் நோக்கம். கரும்பு, பருத்தி, இலவங்கப்பட்டை, பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டை ஆகியவற்றில் வணிகம் இருந்தது. அரசுகள் பணம் செலவிட்டன. அழகுச் செடிகள் அதே கப்பல்களில் கூடவே பயணம் செய்தன.

ஆனால் கப்பற்பயணம் செடிகளுக்குக் கொடியது. உப்புக் காற்றும் நன்னீர்த் தட்டுப்பாடும் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். இந்நிலையை மாற்றியவர் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு. 1829இல் ஒரு மூடிய கண்ணாடிக் குடுவையில் ஈரமண் இட்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை வைத்திருந்தார். அம்மண்ணில் ஒரு சிறு பெரணி தானாக முளைத்து, நீர் ஊற்றாமலே வளர்ந்தது. இலையிலிருந்து ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே வழிந்தது. 1833இல் இத்தகைய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்துச் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதப் பயணத்துக்குப் பின்னும் செடிகள் பசுமையாகவே இறங்கின. வார்டின் பெட்டி உலகின் செடிப் போக்குவரத்தையே மாற்றியது.

அதனோடு வீட்டு அலங்காரத்திலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. இங்கிலாந்தில் 1850களில் பெரணி வளர்க்கும் மோகம் பரவியது. ஈரமான வெப்பமண்டலக் காடுகளின் தரைச்செடிகள் ஐரோப்பிய வீட்டுக் கூடங்களுக்கும் கண்ணாடி மனைகளுக்கும் வந்து சேர்ந்தன. ‘நிழற்செடி’ என்றால் அகன்ற, மெல்லிய, ஈரம் நிறைந்த இலையுடைய செடி என்னும் எண்ணம் தோட்டக்கலை நூல்களில் நிலைபெற்றது. அந்நூல்களும் அச்செடிகளும் நம் நாட்டுக்கும் வந்தன. இன்று நாற்றுப் பண்ணைகளில் ‘நிழலுக்கு’ என்று காட்டப்படும் தொட்டிகளில் பல அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை.

ஈர நிழல், வறண்ட நிழல்

இதில் என்ன குறை? புதுச்சேரியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. தை முதல் ஆனி வரை மண் வறண்டு கிடக்கும். அமேசான் காட்டிலோ மொலுக்கத் தீவுகளிலோ மரத்தடி மண் ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும். அங்குள்ளது ஈர நிழல். இங்குள்ளது வறண்ட நிழல். ஒன்றுக்குப் பழகிய செடி மற்றொன்றில் வாடுவது இயல்பே.

குரோட்டன் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாயகம் மொலுக்கத் தீவுகளும் அவற்றை அடுத்த பகுதிகளும். சிவப்பும் மஞ்சளும் கலந்த அதன் இலைக்காகவே அதை வாங்குகிறோம். அந்நிறங்கள் நன்கு தோன்ற வெளிச்சம் வேண்டும். அடர்ந்த நிழலில் வைத்தால் புதிய இலைகள் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். புள்ளியிட்ட பெரிய இலைகளுடைய டைஃபன்பேக்கியாவோ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நிழலைத் தாங்கும், ஆனால் ஈரம் வேண்டும். அதன் தண்டிலும் இலையிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் இருப்பதால், கடித்த குழந்தையின் நாக்கு வீங்கிவிடும்.

ஒரு காலத்தில் நீருக்குப் பஞ்சமில்லை. உழவர்கரைப் பகுதியிலுள்ள முத்திரப்பாளையத்து ஊற்று நீர், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் புதுச்சேரி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளில் நீர் தானாகவே மேலெழுந்து வழிந்தது. இன்று நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்டது. கடலோரத்தில் உப்பு நீரும் உட்புகுகிறது. ஈர நிழலைக் குடம் குடமாக ஊற்றி உண்டாக்கும் காலம் கடந்துவிட்டது.

அயல் செடிகளெல்லாம் பயனற்றவை என்று இதற்குப் பொருளன்று. ஆனால் அழகுக்காகக் கொண்டுவந்த செடி வேலி தாண்டவும் கூடும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தோட்டங்களுக்கு வந்த உண்ணிச்செடி, இன்று நம் காடுகளில் பெரும் பரப்பைக் கவர்ந்துகொண்டுள்ளது. ஒருவர் தம் வீட்டுக்குச் செடி தேர்ந்தெடுப்பது அவரோடு முடிந்துவிடும் செயல் அன்று.

ஐயனார் காத்த விடை

வறண்ட நிழலில் வளரும் செடிகள் உண்டா? காலாப்பட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் வரும். அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கிறது. ஐயனாருக்கு உரிய மரத்தில் கிளை ஒடிக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். வயலும் முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் சுற்றிலும் பரவியபோதும் இக்காடு எஞ்சி நின்றதற்கு அவ்வழக்கமே முதற்காரணம் எனலாம்.

இத்தகைய காட்டை 1936இல் ஹாரி சாம்பியன் என்னும் வனத்துறை அறிஞர், இந்தியக் காட்டு வகைகளுள் தனி ஒரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்பது அதன் பெயர். பெயரிலேயே ஒரு புதிர் இருக்கிறது. மாதக்கணக்கில் வறட்சி நிலவும் நாட்டில் மரங்கள் கோடையில் இலை உதிர்ப்பதே வழக்கம். இக்காடோ ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கிறது. 1955இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தென்னிந்தியத் தாவர வரைபடங்களைத் தயாரித்தபோது இக்காட்டையும் ஆராய்ந்தனர். இதன் தோற்றம் பற்றி மெஹர்-ஹோம்ஜி 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்தசாரதி முதலியோர், 1990களில் புத்துப்பட்டு முதலிய கோயிற்காடுகளில் மரங்களையும் கொடிகளையும் எண்ணிக் கணக்கெடுத்தனர்.

அக்காட்டுக்குள் நீங்கள் நுழைந்தால் முதலில் உணர்வது இருட்டு. அடுத்து உணர்வது குளிர்ச்சி. பாலை, வீரை, நாவல் முதலிய மரங்களின் அடியில் ஆளுயரப் புதர்கள் அடர்ந்திருக்கும். அவற்றுக்கு எவரும் நீர் ஊற்றுவதில்லை, உரம் இடுவதில்லை. இலைகளைத் தொட்டுப் பாருங்கள். பல இலைகள் சிறியவை, தடித்தவை, தோல்போன்றவை, மேற்புறம் பளபளப்பானவை. நீர் எளிதில் ஆவியாகாமல் காக்கும் அமைப்பு இது. ஒளிப் பஞ்சத்துக்கும் நீர்ப் பஞ்சத்துக்கும் ஒருசேரப் பழகிய செடிகள் இவை. உழவர்கரை வீட்டு மண் பட்டைக்கு வேண்டிய பட்டியல் அங்கேயே நெடுங்காலமாக இருந்து வருகிறது.

வெட்டவெளியில் ஒரு சோதனை

காட்டுச் செடியைக் கொண்டுவந்து நட்டால் வளருமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் அண்டையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேடு பெரும்பாலும் மரமற்ற வெட்டவெளி. மழைநீர் மண்ணை அரித்து ஓடைகளாக்கியிருந்தது. அங்கு குடியேறியவர்களும் சுற்றுப்புறக் கிராம மக்களும் மழைநீரைத் தடுக்க வரப்புகள் எழுப்பி மரங்களை நட்டனர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவகை வேல மரம் விரைந்து வளர்ந்து நிழல் தந்தது. அந்த நிழலில் கோயிற்காடுகளின் விதைகளிலிருந்து வளர்த்த கன்றுகளை நட்டனர். வெயிலில் தவித்த கன்றுகள் நிழலில் தழைத்தன.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. விரைந்து வளர்ந்த அயல் மரங்கள் ஆரோவிலில் ஏராளமாகச் சாய்ந்தன. மெல்ல வளர்ந்த உள்நாட்டு மரங்களும் புதர்களும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. மெதுவாக வளர்வது குறை என்று நாம் நினைக்கிறோம். புயல் வீசும் கடற்கரையில் அதுவே வலிமையாகிறது.

எதை நடலாம்?

நடுமுன் நிழலை அளந்துகொள்ளுங்கள். நண்பகலில் தரைக்கு ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் அது வெளிச்சமான இடம். மங்கலாகத் தெரிந்தால் இடைநிழல். நிழலே தெரியாவிட்டால் அடர்நிழல்.

அடர்நிழலுக்கு முதலிடம் மருளுக்குத் தரலாம். வாள்போல் நிமிர்ந்த இலைகளில் வரிகள் ஓடும். இலையில் நீரைச் சேமித்து வைப்பதால் வறட்சிக்கு அஞ்சாது. முற்காலத்தில் இதன் நாரால் வில்லுக்கு நாண் திரித்தனர். இன்று விலைகொடுத்து வாங்கும் ‘பாம்புச் செடி’ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இதன் உறவுச்செடியே. மருளோடு நீலாம்பரியையும் நடலாம். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல் வளரும் அதன் நீலமும் பச்சையும் கலந்த பூ, அரைவெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும்.

இடைநிழலுக்குக் காயா மிகவும் ஏற்றது. நம் இலக்கியங்கள் திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லும் காயாம்பூ இதுவே. கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப்பூக்கள் பூக்கும்போது செடியே நிறம் மாறியதுபோல் தோன்றும். புத்துப்பட்டுக் காட்டில் பெருவாரியாக உள்ளது இதுவே. பாவட்டை வெண்ணிறப் பூக்கொத்துகளை உடையது. அதன் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை நோய் அல்ல. பாக்டீரியாக்கள் குடியிருக்கும் முடிச்சுகள். மாணவர்கள் கையடி உருப்பெருக்கியில் பார்த்து மகிழலாம்.

காட்டு எலுமிச்சை அடர்த்தியான பசும்புதராகும். வேலிக்கும் பயன்படும். எலுமிச்சைக் குடும்பத்து இலைகளைத் தேடும் வண்ணத்துப்பூச்சிகள் இதில் முட்டையிடும். புழுக்கள் சில இலைகளைத் தின்னட்டும். செடிக்கு ஒன்றும் ஆகாது. ஆடாதொடை எவ்வகை மண்ணிலும் வரும். பெயருக்கேற்ப ஆடும் தொடாது. வெளிச்சமான ஓரத்துக்குச் செருந்தியை வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூ உதிர்ந்தபின் சிவந்த புல்லிகளின்மேல் கருநிறக் காய்கள் அமர்ந்திருக்கும் காட்சி பூவினும் அழகானது. கொடிவேலியும் நிழலைத் தாங்கும். ஆனால் அதன் வேர் தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும் என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

நடுவதற்கு ஏற்ற காலம் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள். வரும் மழை முழுவதும் வேருக்குப் பயன்படும். மரத்தின் தடித்த வேர்களை வெட்டாமல் இடைவெளிகளில் குழி தோண்டுங்கள். ஒன்றரை அடி ஆழம் போதும். உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். அடியிலேயே பரப்பி விடுங்கள். காட்டின் உரமும் ஈரப்போர்வையும் அதுதான். முதல் இரண்டு கோடைகளுக்கு மட்டும் வாரம் ஓரிருமுறை நீர் ஊற்றினால் பிறகு செடி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். முதலாண்டில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. அப்போது மண்ணுக்கடியில் வேர் வளர்ந்துகொண்டிருக்கும், பொறுத்திருங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கோயிற்காட்டிலிருந்து கன்றுகளைப் பிடுங்கி வராதீர்கள். எஞ்சியிருப்பவை சிறு சிறு காடுகள். ஆளுக்கொரு கன்று எடுத்தால் நாளைக்கு அங்கே மரம் இராது. உள்நாட்டுச் செடிகளை விதையிலிருந்து வளர்த்துத் தரும் நாற்றுப் பண்ணைகள் ஆரோவிலிலும் அதைச் சுற்றியும் உள்ளன. உங்கள் ஊர் நாற்றுப் பண்ணையிலும் காயாவையும் பாவட்டையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே தயாராக வைத்திருப்பார்கள்.

பெரொத்தேயின் காலத்தில் ஒரு செடியைப் பெறக் கடல்கடந்து போகவேண்டியிருந்தது. இன்று நமக்கு வேண்டிய செடிகள் சில கிலோமீட்டர் தொலைவில் ஐயனாரின் காவலில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டின் மூன்றடி நிழலிலும் ஒரு காயாவோ பாவட்டையோ வேரூன்றினால், அக்காட்டின் சிறு துண்டு ஒன்று உழவர்கரைத் தெருக்களிலும் உயிர்வாழும். சிமெண்டு பூசுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.